ஏலம் முடிந்தது, சாவி எங்கே?

வங்கி ஏலத்தில் வீடு எடுப்பவர் பணம் கட்டுவதற்கு 15 நாள் கெடு. அந்த வீட்டை அவர் கையில் ஒப்படைப்பதற்கு உறுதியான கெடு எதுவும் இல்லை.

தில்லியின் காலைப் பத்திரிகைகளில் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு பொடி எழுத்தில் வரும் சில அறிவிப்புகளைப் பலரும் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கடனைத் திருப்பிக் கட்டாதவர்களின் வீடுகளைப் பொதுத்துறை வங்கிகள் ஏலம் விடும் அறிவிப்புகள் அவை. அந்தப் பட்டியலில் 'முனிர்கா, டிடிஏ குடியிருப்பு' என்று ஒரு வரி இருந்தால் தென்தில்லித் தமிழர்கள் சிலரின் கண் அங்கேயே நின்றுவிடும். காரணம் உண்டு. ஆர்.கே. புரத்து மலை மந்திர் அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் ஆர்.கே. புரத்தில் இருக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பக்கத்திலேயே. 2018இல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. அரசுக் குவார்ட்டர்ஸில் பல வருடங்கள் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு இதே பகுதியில் ஒரு வீடு கிடைத்தால் போதும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

போதாக்குறைக்கு இரண்டு நம்பிக்கைகள் ஆளைப் பிடித்து இழுக்கும். ஒன்று, வெளிச்சந்தையைவிட விலை குறைவாக இருக்கும். இரண்டு, விற்பது அரசு வங்கி என்பதால் வில்லங்கம் இருக்காது. முதல் நம்பிக்கை பல நேரங்களில் பலிக்கிறது. இரண்டாவதை நம்பி இறங்கியவர்களில் பலர் நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டியிருந்திருக்கிறது. ஏலத்தில் ஜெயித்த பிறகு என்னென்ன நடக்கும் என்பதை ஏலத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வங்கியின் வீடா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஏலத்துக்கு வரும் வீடு வங்கிக்கும் சொந்தமில்லை, அரசுக்கும் சொந்தமில்லை. கடன் வாங்கியவர்தான் கடைசிவரை உரிமையாளர். வங்கியிடம் இருப்பது அடமான உரிமை மட்டுமே. அந்த உரிமையைக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கியது, சுருக்கமாக 'சர்ஃபேசி' என்று அழைக்கப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டம்.

அதற்கு முன்பு வங்கிகள் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 1993இல் இதற்கென்றே கடன் வசூல் தீர்ப்பாயங்கள் சட்டம் வந்தது. அங்கும் கோப்புகள் குவிந்தன. நரசிம்மம் குழுவும் அந்தியாருஜினா குழுவும் சொன்ன யோசனைகளின் தொடர்ச்சியாகவே சர்ஃபேசி பிறந்தது. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எறிந்தது. வங்கி நடவடிக்கையை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும் கடனாளி, கேட்கப்பட்ட தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைதான் அது. அந்த நிபந்தனை போனதால் கடனாளிக்குக் கதவு திறந்தது. ஏலம் எடுப்பவருக்குப் பின்னால் வரப்போகும் பல தலைவலிகளுக்கும் அந்தக் கதவுதான் வழி.

ஏலம் வரையிலான நடைமுறை இதுதான். தவணை நின்றுபோய்க் கணக்கு வாராக்கடன் ஆனதும் வங்கி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். பணம் வராவிட்டால் வீட்டின் சுவாதீனத்தை எடுத்துக்கொண்டதாக அறிவிக்கும். மதிப்பீடு செய்து குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கும். முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னதாகக் கடனாளிக்கு நோட்டீஸ் கொடுத்து, பத்திரிகையிலும் விளம்பரம் செய்யும். இப்போது ஏலங்கள் கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கின்றன. பொதுத்துறை வங்கிகள் விற்கும் சொத்துகளை ஒரே இடத்தில் காட்டும் 'பேங்க்நெட்' என்ற தளத்தை நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் தொடங்கிவைத்தது.

25-ம் 75-ம்

கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச விலை 90 லட்சம் ரூபாய். முன்வைப்புத் தொகை அதில் 10 சதவீதம், அதாவது 9 லட்சம். இதைக் கட்டியவர்தான் ஏலத்தில் கலந்துகொள்ள முடியும். ஏலம் ஏறி ஏறி 1 கோடியில் முடிகிறது. ஜெயித்தவர் கம்ப்யூட்டரை மூடிவிட்டு இனிப்பு வாங்கக் கிளம்பலாமா? கூடாது. அன்றைக்கே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள், ஏலத்தொகையில் 25 சதவீதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முன்வைப்புத் தொகை போக இன்னும் 16 லட்சம்.

இதற்குப் பிறகும் விற்பனை முடிந்துவிடவில்லை. அதிகத் தொகைக்குக் கேட்டவர் என்ற முறையில் அவருடைய கேட்பை வங்கி உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்த நாளிலிருந்து 15ஆம் நாளுக்குள் பாக்கி 75 லட்சம். வீட்டு விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் அதில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டும் வேலையும் வாங்குபவருடையதுதான். அவகாசம் வேண்டுமென்றால் வங்கியும் வாங்குபவரும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு நீட்டிக்கலாம். ஆனால் மொத்தம் 3 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று கிளை அதிகாரி வாயால் சொல்வது நீட்டிப்பு ஆகாது.

கெடு தவறினால்? கட்டிய பணம் பறிமுதல், வீடு மறுஏலம். விதியின் 9(5) பிரிவு இதைத்தான் சொல்கிறது. இது வெறும் மிரட்டல் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்ட்ரல் பேங்க் ஆப் இந்தியா விட்ட ஏலத்தில் ஒருவர் 12.27 கோடி ரூபாய்க்கு ஒரு சொத்தை எடுத்தார். கால் பங்கான 3.06 கோடியைக் கட்டினார். பாக்கிக்கு வங்கிக் கடனை நம்பியிருந்தார். அது 2016இல் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட சமயம். கடன் வந்து சேரவில்லை, கெடு முடிந்தது. வங்கி 3.06 கோடியையும் பறிமுதல் செய்தது. இத்தனைக்கும் வங்கிக்கு நஷ்டமே இல்லை. அதே சொத்து மறுஏலத்தில் 14.76 கோடிக்குப் போனது.

வங்கிக்கு ஏற்பட்ட இழப்புக்கு மேல் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. 2024 பிப்ரவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஏலத்தில் கேட்டுவிட்டுப் பின்வாங்குவதைத் தடுக்கத்தான் இந்த விதி, நஷ்டத்தைக் கணக்குப் பார்த்துப் பறிமுதல் தொகையைக் குறைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். விளையாட்டாகக் கேட்டவரும், கடனை நம்பிக் கேட்டு ஏமாந்தவரும் விதியின் கண்ணுக்கு ஒன்றுதான்.

வீட்டுக்கடன் வாங்கி ஏலப் பணத்தைக் கட்டலாம் என்று கணக்குப் போடும் நடுத்தரக் குடும்பம் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. ஏலச் சொத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. ஆனால் ஆவணச் சோதனை, மதிப்பீடு, வக்கீல் கருத்து என்று அவர்களுக்கும் ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்துக்கு 15 நாள் போதாமல் போகலாம். கையில் முழுப் பணம் இல்லாமலோ, கடன் கொடுக்கும் வங்கியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமலோ கேட்பவர், தன் சேமிப்பில் கால் கோடியைப் பணயம் வைக்கிறார்.

கடனாளி திரும்பி வந்தால்

பணம் முழுவதும் கட்டியாயிற்று. அந்த நேரத்தில் கடனாளி எங்கிருந்தோ பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்து, "என் வீட்டை நானே மீட்டுக்கொள்கிறேன்" என்றால்? அடமானத்தை மீட்கும் உரிமை பழைய உரிமை. விற்பனை முடியும்வரை அது உயிரோடு இருக்கும் என்பதுதான் நெடுங்கால வழக்கம். 2016இல் சர்ஃபேசியின் 13(8) பிரிவு திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கடனாளி முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும் என்ற பொருளில் அது மாறியது. ஆனாலும் உயர் நீதிமன்றங்கள் ஒன்றுபோல் தீர்ப்புச் சொல்லவில்லை.

2023இல் மும்பையிலிருந்து வந்த வழக்கில் இது வெட்டவெளிச்சமானது. யூனியன் பேங்க் ஏலத்தில் செலிர் என்ற நிறுவனம் 105.05 கோடிக்குச் சொத்தை எடுத்துப் பணத்தைக் கட்டியது. கடன் வாங்கிய பாஃப்னா மோட்டார்ஸ் 129 கோடி தருவதாக உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சொத்தை மீட்க அனுமதி வாங்கிவிட்டது. வங்கிக்குக் கூடுதல் பணம், கடனாளிக்குச் சொத்து. நடுவில் ஏலம் எடுத்தவர் வெறுங்கையோடு நின்றார். அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்பு உரிமை முடிந்துவிடுகிறது, அதிகத் தொகை கிடைக்கிறது என்பதற்காக முடிந்த ஏலத்தைக் கலைக்க முடியாது என்றது. 2025 செப்டம்பரில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இன்னொரு வழக்கிலும் இதே நிலையை எடுத்தது. சட்டப் பிரிவும் அதன் கீழ் உள்ள விதிகளும் ஒத்துப்போகாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டி, நிதி அமைச்சகம் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னது.

ஆக, பணம் கட்டி வீட்டை மீட்டுக்கொண்டுபோகும் ஆபத்து குறைந்துவிட்டது. ஆனால் வழக்குப் போடும் ஆபத்து குறையவில்லை. வங்கி எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையையும் எதிர்த்து 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகக் கடனாளிக்கு உரிமை உண்டு. 60 நாள் நோட்டீஸ் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, விளம்பரம் விதிப்படி இல்லை, மதிப்பீடு மிகக் குறைவு என்றெல்லாம் அங்கே வாதாடலாம். வங்கி உண்மையிலேயே கோட்டை விட்டிருந்தால் விற்பனை ரத்தாகலாம். அப்போது பணம் திரும்ப வரும். ஆனால் அதுவரை அது முடங்கிக் கிடந்ததற்கு என்ன வட்டி என்பது இன்னொரு வாதம். வங்கி செய்த தவறுக்கு ஏலம் எடுத்தவரும் சேர்ந்து காத்திருக்க வேண்டும்.

பூட்டு யார் கையில்?

ஏல அறிவிப்பில் எல்லோரும் விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது 'சுவாதீனத்தின் தன்மை' என்ற கட்டம். அதில் இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும். 'நேரடிச் சுவாதீனம்' என்றால் வீடு காலி, சாவி வங்கியிடம். 'அடையாளச் சுவாதீனம்' என்றால் வங்கி வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் குடும்பத்தை வெளியேற்ற வாங்கியவரால் முடியாது. வங்கி 14ஆம் பிரிவின் கீழ்த் தலைமை மாஜிஸ்திரேட்டிடம் அல்லது மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் 30 நாளில், காரணம் எழுதிவைத்தால் மொத்தம் 60 நாளில், உத்தரவு போட வேண்டும் என்கிறது சட்டம். பிறகு நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் காவலர்களோடு போய்ச் சுவாதீனம் எடுப்பார். தேர்வுக் காலம், குழந்தையின் உடல்நிலை, தடை உத்தரவு, காவலர் கிடைக்கவில்லை என்று நாள் தள்ளிப்போகும்.

60 நாள் தாண்டினால் என்ன ஆகும்? 2020 நவம்பரில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: எதுவும் ஆகாது. அந்தக் கெடு வேகப்படுத்துவதற்காகச் சொல்லப்பட்டது, தாண்டினாலும் மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் போய்விடாது. தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. அதிகாரி தாமதித்ததற்காக வங்கி தன் உரிமையை இழக்கக் கூடாது. ஆனால் இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏலம் எடுப்பவரின் நிலை புரியும். அவர் தவறவிட்டால் கால் பங்கு பணம் போய்விடும். அவருக்கு வீட்டைக் கொடுக்க வேண்டிய அமைப்பு தவறவிட்டால் யாருக்கும் எதுவும் போகாது. ஒரு கெடுவுக்குப் பல் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. அந்த இடைவெளியில் வாங்கியவர் வேறிடத்தில் வாடகையும் கட்டுகிறார், கடன் வாங்கியிருந்தால் தவணையும் கட்டுகிறார்.

உள்ளே இருப்பது வாடகைதாரர் என்றால் சிக்கல் வேறு விதம். முனிர்காவில் மாணவர்களும் வேலைக்கு வந்தவர்களும் வாடகைக்கு இருப்பது சகஜம். வாடகைச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பை சர்ஃபேசி விழுங்கிவிடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக எல்லா வாடகைதாரருக்கும் கவசம் கிடைத்துவிடவில்லை. தில்லி வாடகைச் சட்டமே மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களைத் தொடுவதில்லை. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் வாய்மொழியாக இருப்பவர், வங்கியின் 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு அதே உரிமையைக் கோர முடியாது என்று 2019இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அடமானத்துக்கு முன்பே பதிவான குத்தகை இருந்தால் அதை மதித்தாக வேண்டும். அதனால் யார் குடியிருக்கிறார், எப்போதிலிருந்து, எந்தக் காகிதத்தின் பேரில் என்பதை ஏலத்துக்கு முன் நேரில் போய் விசாரிப்பது அவசியம்.

வெளியேற்றப்படும் கடனாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை போனது, வியாபாரம் நொடித்தது, நோய் என்று தவணை நின்றுபோன குடும்பங்கள் இவற்றில் உண்டு. ஏலத்தொகையில் கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சுவது அவர்களுக்குத்தான் சேர வேண்டும் என்று 13(7) பிரிவு சொல்கிறது. வீடு எவ்வளவு நல்ல விலைக்குப் போகிறதோ அந்த அளவுக்கு அவர்கள் கையில் ஏதாவது மிஞ்சும். சாவி கிடைக்குமா என்ற பயத்தில் ஏலம் கேட்பவர்கள் ஒதுங்கினால் விலை இறங்கும். அப்போது நஷ்டப்படும் முதல் ஆள் அந்தக் கடனாளிதான். கெடுவுக்குப் பல் இல்லாததன் விலையை அவரும் கொடுக்கிறார்.

இரண்டு முனிர்காக்கள்

முழுப் பணமும் வந்த பிறகு வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி விற்பனைச் சான்றிதழ் கொடுப்பார். கிரயப் பத்திரத்தின் இடத்தில் இருப்பது இதுதான். சான்றிதழைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியதில்லை, அதன் நகலைச் சார்பதிவாளர் தன் முதல் புத்தகத்தில் கோத்துவைத்தால் போதும் என்று 2022இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அசலையே பதிவுக்குக் கொண்டுபோனால் அப்போது முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

ஆனால் சான்றிதழ் எதைத் தருகிறது? கடனாளியிடம் என்ன உரிமை இருந்ததோ அதை மட்டும். முனிர்கா என்ற ஒரே பெயருக்குள் இரண்டு ஊர்கள் இருப்பதால் இது இங்கே முக்கியமாகிறது. ஒன்று, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தில்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. இந்த வீடுகள் முதலில் குத்தகை உரிமையில் கொடுக்கப்பட்டவை. 1992இல் வந்த திட்டத்தின்படி கட்டணம் செலுத்தி முழு உரிமையாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமலே விட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீடு ஏலத்துக்கு வந்தால் வாங்குபவருக்குக் கிடைப்பது குத்தகை உரிமைதான். பெயர் மாற்றத்துக்கு டிடிஏவிடம் போக வேண்டும். குத்தகை நிபந்தனைப்படி ஆணையத்துக்குச் சேர வேண்டியது ஏதாவது இருந்தால் அதுவும் வீட்டோடு வரும்.

மற்றொன்று, டிடிஏ வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்த முனிர்கா கிராமம். கிராமத்துக் குடியிருப்பு எல்லையைச் சுற்றி வரைபடத்தில் இழுத்த சிவப்புக் கோட்டுக்கு 'லால் டோரா' என்று பெயர். 1908இலிருந்து வழங்கும் சொல் இது. கோட்டுக்குள் இருந்த வீடுகளுக்குப் பட்டா போன்ற ஆவணம் கிடையாது. ஆட்கள் கைமாற்றிக்கொண்டது பெரும்பாலும் பொது அதிகாரப் பத்திரத்தில், அதாவது தில்லிக்காரர்கள் 'ஜிபிஏ' என்று சொல்லும் காகிதத்தில். அந்தக் காகிதம் உரிமையை மாற்றித் தராது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜிபிஏவை நம்பிக் கடன் கொடுத்த வங்கி ஏலம் விட்டால், வாங்குபவர் கைக்கு வருவதும் அந்த ஓட்டை உரிமைதான். அரசு வங்கியின் முத்திரை அந்த ஓட்டையை அடைத்துவிடாது.

உரிமைக்கு அடுத்து பாக்கிகள். எல்லா ஏல அறிவிப்பிலும் 'உள்ளது உள்ளபடி' என்ற தொடர் இருக்கும். இதற்கு என்ன பொருள் என்பதை 2023 மே மாதம் கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்தந்த மின் வழங்கல் விதி இடம்கொடுத்தால், பழைய உரிமையாளரின் மின்கட்டணப் பாக்கியைக் கட்டினால்தான் புதிய இணைப்பு என்று மின் நிறுவனம் சொல்லலாம். பழைய சொத்து வரி, குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம் ஆகியவற்றையும் இதே கவலையோடு பார்க்க வேண்டும். வங்கி தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை மட்டும்தான் சான்றிதழில் குறிப்பிடும். தெரியாதவை வாங்கியவர் தலையில்.

அங்கே எப்படி?

அமெரிக்காவில் இதன் உறவுக்காரர் ஒன்று இருக்கிறது. அங்கே அரசு காப்பீடு செய்த வீட்டுக்கடன் நின்றுபோனால், கடன் கொடுத்த நிறுவனம் வீட்டை எடுத்து மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையிடம் ஒப்படைத்துவிட்டுக் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளும். பொதுவாகக் காலியான பிறகே வீடு துறையின் கைக்கு வருகிறது. அதன் பின்தான் ஏலக் கேட்பு. அதிலும் முதலில் சில நாட்கள், தாமே குடியிருக்கப் போகிறவர்கள் மட்டுமே கேட்கலாம். வாங்கி விற்பவர்களுக்கு இடம் அதற்குப் பிறகுதான். அங்கேயும் 'உள்ளது உள்ளபடி'தான், கூரை ஒழுகினால் துறை பொறுப்பல்ல. ஆனால் வாங்கியவர் கதவைத் தட்டும்போது உள்ளே வேறொருவர் இருக்கும் சாத்தியம் குறைவு. அரசு முதலில் உரிமையாளராகிறது, பிறகு விற்கிறது. இந்தியாவில் வங்கி உரிமையாளராகாமலே விற்பதால், காலி செய்யும் வேலை விற்பனைக்குப் பிந்திப் போய்விடுகிறது.

சட்டத்தைத் தலைகீழாக மாற்றாமலே இதைச் சரிசெய்ய வழி உண்டு. வீடு அடையாளச் சுவாதீனத்தில் மட்டும் இருந்தால் பாக்கி 75 சதவீதத்துக்கான கெடு நேரடிச் சுவாதீனம் கிடைக்கும் நாளிலிருந்து ஓடட்டும். அல்லது பணம் கட்டிய பிறகு சாவி வரும்வரை வங்கி வட்டி கொடுக்கட்டும். இரண்டில் எது வந்தாலும் மாஜிஸ்திரேட் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வங்கிக்கு ஒரு காரணம் கிடைக்கும். ஏலத்தொகை முழுவதும் கைக்கு வந்துவிட்ட இன்றைய ஏற்பாட்டில் அந்த அவசரம் வாங்கியவருக்கு மட்டும்தான்.

அதுவரை ஏலம் கேட்பவர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். சுவாதீனம் நேரடியா, அடையாளமா? தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் உண்டா? உரிமை குத்தகையா, முழு உரிமையா, ஜிபிஏவா? மின்சாரம், வரி, சங்கம் ஆகிய மூன்றிலும் பாக்கி எவ்வளவு? 15 நாளில் முழுப் பணமும் வருமா, வராவிட்டால் வங்கி எழுத்தில் நீட்டிப்புத் தருமா? இந்த ஐந்து கேள்விக்கும் காகிதத்தில் பதில் கிடைத்த வீட்டுக்குத் தாராளமாகக் கேட்கலாம். நேரடிச் சுவாதீனத்தில் இருக்கும், வழக்கில்லாத டிடிஏ வீட்டை எடுத்தவருக்கு வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். பதில் கிடைக்காத வீட்டுக்கும் ஆட்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் விலையில் மிச்சம் பிடித்த பணம் வக்கீலுக்கும் வாடகைக்கும் எத்தனை மாதம் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.